கொத்தனாருக்கு ஆறு சுற்று நேர்காணல்

கேரள எல்லையிலுள்ள பாறசாலையில் வீடு கட்டிக்கொடுக்கும் ஒரு கண்டிராக்டருக்கு, நம் மென்பொருள் நிறுவனங்களைப் பார்த்து ஆள் எடுக்கும் ஆசை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். களியக்காவிளை பஸ் ஸ்டாண்டுச் சுவரில் அவர் ஒட்டும் நோட்டீஸ் இப்படித்தான் இருக்கும்:

“உடனடித் தேவை: ஃபுல் ஸ்டாக் கொத்தனார். வானம் தோண்டுதல், சுவர் எழுப்புதல், பூச்சு, டைல்ஸ், வயரிங், பிளம்பிங், பெயின்ட் அனைத்திலும் ஆழ்ந்த அனுபவம் வேண்டும். போன வருடம் கடைக்கு வந்த சிமென்ட்டில் குறைந்தது ஐந்து வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும். செங்கல்மேல் தீராத காதல் கட்டாயம். நாங்கள் எல்லோரும் ஒரே குடும்பம். ஆகவே ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிட்டால் வர வேண்டும். சம்பளம் சந்தை நிலவரப்படி. எந்தச் சந்தை என்று கேட்பவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம். கரண்டி, தூக்குக்குண்டு, ரசமட்டம் மூன்றும் இரண்டு வருடத்துக்கு எங்கள் பொறுப்பில் இருக்கும். வேலையை விடுவதென்றால் மூன்று மாதம் முன்பே எழுதித் தர வேண்டும். விட்ட பிறகு ஆறு மாதத்துக்கு இதே தெருவில் வேறு யார் வீட்டுக்கும் பூசக் கூடாது.”

நோட்டீஸைப் பார்த்து யாரோ ஒரு கொத்தனார் வந்துவிட்டார் என்றே வையுங்கள். முதல் சுற்றில் நாகர்கோவிலிலிருந்து ஒரு ரயில், திருவனந்தபுரத்திலிருந்து ஒரு ரயில், இரண்டும் எங்கே சந்திக்கும் என்று கேட்பார்கள். (இரட்டைப் பாதை முடியாத எங்கள் தடத்தில் இரண்டில் ஒன்று ஏதாவது ஸ்டேஷனில் மற்றதற்காகக் காத்துக் கிடக்கும் என்பதே சரியான விடை. அதற்கு மதிப்பெண் கிடையாது.) இரண்டாம் சுற்று, செங்கல்லா சிமென்ட் பிளாக்கா என்று குழு விவாதம். மூன்றாவதில் வெள்ளைப் பலகையில் மாடிப்படியைத் தலைகீழாக வரையச் சொல்வார்கள். நான்காவது மனநிலைத் தேர்வு. ஐந்தாவது, வீட்டுக்காரரோடு வீடியோ அழைப்பு. ஆறாவது சுற்றில் எச்.ஆர். அம்மையார் புன்னகையோடு கேட்பார்: “இன்னும் அஞ்சு வருஷத்துல உங்களை நீங்க எங்க பார்க்கறீங்க?”

“அஞ்சு வருஷம் கெடக்கட்டும். மத்தியானச் சோறு உண்டா, இல்லியா? அத மொதல்ல சொல்லும்” என்று கேட்டுவிட்டு, அவர் கரண்டியை எடுத்துக்கொண்டு உதியன்குளங்கரைப் பக்கம் வேறு சைட்டுக்குப் போய்விடுவார். வீடு லிண்டல் மட்டத்தில் நிற்கும். கண்டிராக்டர் திருவனந்தபுரத்து நட்சத்திர ஓட்டலில் ஏதோ கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, “நாட்டில் திறமையான கொத்தனாருக்குக் கடும் பஞ்சம்” என்று கண் கலங்குவார்.

அவரைப் பார்த்து ஊரே சிரிக்கும். இதையே கோட்டு போட்டுக்கொண்டு ஒருவர் சொன்னால் மட்டும் நாம் தலையங்கம் எழுதுகிறோம், அமைச்சர் குறிப்பெடுக்கிறார், பல்கலைக்கழகம் பாடத்திட்டத்தை மாற்றுகிறது.

நோட்டீஸ் என் கற்பனை. நிபந்தனைகள் என் கற்பனை இல்லை. 2020-இல் ஒரு வேலை விளம்பரம் ‘ஃபாஸ்ட் ஏபிஐ’ என்ற மென்பொருள் கருவியில் நான்கு வருடத்துக்கு மேல் அனுபவம் கேட்டது. அந்தக் கருவியை உருவாக்கிய செபாஸ்டியன் ராமிரெஸ், தான் அதைச் செய்தே ஒன்றரை வருடம்தான் ஆகிறது, தன்னாலேயே விண்ணப்பிக்க முடியவில்லை என்று எழுதி உலகத்தைச் சிரிக்கவைத்தார். ‘ஹோம்ப்ரூ’ என்ற மென்பொருளை எழுதிய மேக்ஸ் ஹவலை 2015-இல் கூகுள் திருப்பி அனுப்பியது. உங்கள் பொறியாளர்களில் பெரும்பாலோர் என் மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறார்கள், ஆனால் பலகையில் ஒரு மரவரைவைத் தலைகீழாக்கத் தெரியவில்லை என்று என்னை அனுப்பிவிட்டீர்கள் என அவர் கொதித்தார். வேலையை விட்டவர் ஆறு மாதத்துக்கு அதே வாடிக்கையாளருக்காகக் குறிப்பிட்ட போட்டி நிறுவனங்களில் சேரக் கூடாது என்ற நிபந்தனை இன்ஃபோசிஸின் வேலை ஒப்பந்தத்தில் இருந்ததும், 2022-இல் அது தொழிலாளர் அமைச்சகம் வரை புகாராகப் போனதும் செய்தித்தாளில் வந்தவை. மூன்று மாத நோட்டீஸ், பாண்டு, அசல் சான்றிதழை வாங்கிப் பூட்டிவைப்பது எல்லாம் நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம்.

இதை எழுதுகிறவன் நெய்யாற்றின்கரைத் தாலுகாக்காரன். எழுதிய குற்றத்துக்காக 1910-இல் திருவிதாங்கூரை விட்டே துரத்தப்பட்ட சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை பிறந்த ஊர்ப்பக்கம். காரம் கொஞ்சம் கூடினால் மண்ணின் வாகு என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே எல்லை என்பது ஒரு தினுசான சங்கதி. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களையும் தமிழகத்தின் பக்கம் தள்ளி ஒரு கோடு கிழித்தார்கள். மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட பட்டியலில் இருந்த நெய்யாற்றின்கரை இந்தக் கேரளப் பக்கமே நின்றது. கொத்தனாரின் கரண்டிக்கு அந்தக் கோடு தெரியாது. காலையில் விளவங்கோட்டிலிருந்து வருகிறவர் பாறசாலையிலும் அமரவிளையிலும் சுவர் எழுப்பிவிட்டு, பொழுது சாயும்போது இஞ்சிவிளை தாண்டி வீட்டுக்குப் போகிறார். அவரிடம் யாரும் பயோடேட்டா கேட்பதில்லை. “அப்பி, இன்னைக்கு இந்தச் சொவரப் பிடி, பாப்போம்” என்பார் மேஸ்திரி. சாயங்காலம் தூக்குக்குண்டு சொல்லிவிடும். சுவர் சரியாக நின்றால் நாளைக்கும் வேலை. கோணலென்றால் அன்றைய கூலி கையில், போய் வா. முக்கியமாக, அந்தப் பரீட்சை நாளுக்கும் கூலி உண்டு.

கூலி என்றதும் ஒரு கணக்கு. ரிசர்வ் வங்கியின் புள்ளிவிவரக் கையேடு, 2022-23-இல் கேரளக் கிராமங்களில் கட்டட வேலை பார்க்கும் ஆணின் சராசரி நாள்கூலி 852 ரூபாய் 50 காசு என்கிறது. நாட்டிலேயே அதிகம், இந்தியச் சராசரி 393 ரூபாய் 30 காசு. மாதம் 25 நாள் என்று வைத்தால் வருடத்துக்கு 2,55,750 ரூபாய். 2024 ஆகஸ்டில் காக்னிசன்ட் நிறுவனம் மூன்று வருடப் பட்டதாரிகளுக்கு அறிவித்த ஆண்டுச் சம்பளம் 2,52,000 ரூபாய். ஊரெல்லாம் கைகொட்டிச் சிரித்தபோது, இது பொறியியல் படித்தவர்களுக்கு இல்லை, அவர்களுக்கு நான்கு லட்சத்திலிருந்து தருகிறோம் என்று விளக்கம் வந்தது. நல்லது. கொத்தனாருக்கு மழைக்காலத்தில் வேலையில்லை, பி.எஃப். இல்லை, சாரத்திலிருந்து விழுந்தால் கேட்க ஆளில்லை என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அந்த 3,750 ரூபாய் வித்தியாசம் இருக்கிறதே, அதைக் கண்ணாடி போட்டு மாட்டிவைக்கலாம். பாலராமபுரத்துச் சாலியத் தெருவில், தறியில் உட்காராதே, கம்ப்யூட்டர் படி என்று பிள்ளையைத் தள்ளிவிட்ட தகப்பன் வீட்டுச் சுவர்தான் அதற்குச் சரியான இடம்.

மென்பொருள் கம்பெனிகள் புதியவர்களுக்குத் தரும் தொகை பத்துப் பதினைந்து வருடமாக மூன்றிலிருந்து மூன்றரை, மூன்று லட்சத்து அறுபதாயிரம் என்று நொண்டிக்கொண்டிருக்கிறது. வீட்டு வாடகை நொண்டவில்லை. இன்ஃபோசிஸ் தலைமை அதிகாரியின் ஊதியமும் நொண்டவில்லை. 2024-25-இல் அது 80 கோடி ரூபாயைத் தாண்டியது. 2023 பிப்ரவரியில் விப்ரோ செய்தது இதற்கெல்லாம் மேல். ஆண்டுக்கு ஆறரை லட்சம் என்று கடிதம் கொடுத்துப் பயிற்சியும் கொடுத்து மாதக்கணக்கில் காக்கவைத்த இளைஞர்களிடம், மூன்றரை லட்சத்துக்கு வருகிறாயா என்று மின்னஞ்சல் அனுப்பியது. மீன் சந்தையில்கூட விலை பேசி முடித்தபின் பாதியாகக் குறைத்தால் கூடை தலையில் விழும். இவர்கள் அதை மின்னஞ்சலில் செய்துவிட்டு, அடுத்த மாநாட்டில் திறமைப் பஞ்சம் பற்றிப் பேசப் போய்விடுகிறார்கள். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

திறமை இல்லை என்பதற்கு ஆதாரம் காட்டுவார்கள். 2017-இல் ‘ஆஸ்பைரிங் மைண்ட்ஸ்’ என்ற நிறுவனம் 500-க்கும் மேற்பட்ட கல்லூரிகளில் 36,000-க்கும் அதிகமான மாணவர்களைச் சோதித்து, ஒரு நிரலுக்கான தர்க்கத்தைச் சரியாக எழுதத் தெரிந்தவர்கள் 4.77 சதவீதம்தான் என்று அறிவித்தது. நூறில் ஐந்துகூட இல்லை! நாடே தலையில் கைவைத்தது. அந்த நிறுவனம் கம்பெனிகளுக்கு விற்ற சரக்கு என்ன? ஆள்தேர்வுக்கான பரீட்சைகள். கொசு மருந்து விற்பவரே ஊருக்கெல்லாம் டெங்கு என்று அறிக்கை விட்டால் நாம் கொஞ்சமாவது யோசிப்போம். இங்கே யோசிக்கவில்லை, மேற்கோள் காட்டினோம்.

சரி, அந்த எண்ணை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். பிறகு கொரோனா வந்தது. அமெரிக்கக் கம்பெனிகளெல்லாம் எல்லாவற்றையும் ஆன்லைனுக்கு மாற்றின, ஆர்டர் கொட்டியது. 2021-22 நிதியாண்டில் டிசிஎஸ் 1,00,000 புதியவர்களை எடுத்தது. இன்ஃபோசிஸ் 85,000 பேரை. நூறில் ஐந்து பேருக்குக்கூடத் தெரியாத வித்தை, நான்கே வருடத்தில் இத்தனை பேருக்கு எந்தச் சாமி வரத்தில் வந்தது? கல்லூரி அதேதான், வாத்தியார் அதே வாத்தியார்தான், பாடப்புத்தகத்தில் அச்சுப்பிழைகூட மாறவில்லை. மாறியது ஒன்று: டாலர் வந்தது. டாலர் வரும்போது எல்லோரும் திறமைசாலி. டாலர் நின்றால் மறுநாள் காலையில் எல்லோரும் தற்குறி.

நின்றபோது என்ன நடந்தது என்பதற்கு மைசூரு சாட்சி. 2022-இல் வேலைக் கடிதம் வாங்கியவர்கள் இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்து 2024-இல் இன்ஃபோசிஸின் மைசூரு வளாகத்தில் சேர்ந்தார்கள். 2025 பிப்ரவரியில் அவர்களில் 300-க்கும் மேற்பட்டோர், மூன்று வாய்ப்பிலும் உள்தேர்வில் தேறவில்லை என்று வெளியே அனுப்பப்பட்டார்கள். ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது என்றது நிறுவனம். எழுதித்தான் இருக்கும், இரண்டு வருடம் ஒருவனை வாசலில் நிறுத்திவைத்தால் அவனுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பது மட்டும் எங்கும் எழுதப்படுவதில்லை. அதே வருடம் ஜூலையில் டிசிஎஸ் தன் ஆட்களில் 2 சதவீதம், சுமார் 12,000 பேரைக் குறைப்பதாகச் சொன்னது. செயற்கை நுண்ணறிவு காரணமில்லை, திறமைப் பொருத்தம் இல்லாததே காரணம் என்றார் அதன் தலைமை அதிகாரி. பதினைந்து, இருபது வருடம் உங்களிடமே வேலை பார்த்தவர்களும் அதில் உண்டு. அத்தனை வருடம் அவர்களுக்கு நீங்கள் என்ன கற்றுக்கொடுத்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. பெரிய மனிதரிடம் அப்படிக் கேட்பது மரியாதையில்லை.

இப்போது எங்கள் ஊர்ப் பையனுக்கு வருகிறேன். தனுவச்சபுரத்துக்கோ செங்கல் கிராமத்துக்கோ பக்கத்தில் எங்கோ ஒரு வீடு. ரப்பர் வெட்டுகிற அப்பா, தொழிலுறுதி வேலைக்குப் போகிற அம்மா. இவனுக்குக் கணினி புதிதல்ல. கேரளம் 2001-லேயே ஐடி அட் ஸ்கூல் என்று பள்ளிக் கணினித் திட்டத்தைத் தொடங்கிவிட்டது. அதே வருடம் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தந்தை ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரத்துக்கு வந்து இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். நம் அரசுப் பள்ளிக் கணினிகளில் ஓடுவது லினக்ஸ். உலகத்தில் எத்தனை பணக்கார நாட்டுப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் லினக்ஸில் பரீட்சை எழுதுகிறார்கள்? எங்கள் ரப்பர் வெட்டுக்காரரின் மகன் எழுதுகிறான். அவன் கொஞ்சம் பைத்தானும் பழகி, படித்து முடித்து, விடியுமுன் எழுந்து பஸ்ஸில் தொங்கி, பாலராமபுரத்து நெரிசலையும் கரமனை–களியக்காவிளை நாலுவழிச் சாலை என்ற முடிவில்லாத தொடர்கதையையும் கடந்து, கழக்கூட்டம் டெக்னோபார்க்குக்குப் போகிறான். 1990-இல் தொடங்கிய, நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. இன்று 70,000-க்கும் மேற்பட்டவர்கள் வேலை பார்க்கும் இடம். பாறசாலையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை.

அங்கே அவனிடம் கேட்கும் முதல் கேள்வி: “டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்.”

அவ்வளவுதான். வீட்டில் பேசுவது எங்கள் எல்லைத் தமிழ், பள்ளியில் மலையாளம், பரீட்சை ஆங்கிலத்தில். மூன்று மொழியில் பிழைக்கத் தெரிந்தவன், தன்னைத் தானே புகழ்ந்துகொள்ள நான்காவது ஒரு மொழி வேண்டுமென்று அறியாமல் திக்குகிறான். ‘கம்யூனிகேஷன் ஸ்கில் போதாது’ என்று தாளில் குறிக்கப்படுகிறது. அவன் எழுதிய நிரலை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. தன்னைப் பற்றி ஒன்றரை நிமிடம் தேன் ஒழுகப் பேசியவனுக்கு வேலை கிடைக்கிறது. ஆறு மாதம் கழித்து மென்பொருள் இடிந்து விழும்போது, தரமான ஆள் இல்லை என்று அதே எச்.ஆர். அறை புலம்புகிறது.

எங்கள் பக்கம் எல்லாம் சுத்தம் என்று நான் சொல்லவில்லை. எல்லைக் கோட்டுக்குக் கிழக்கே அண்ணா பல்கலைக்கழகம், மேற்கே 2014-இல் பிறந்த அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். இரண்டிலும் பாக்கித் தாள்கள் ஒரே தினுசு. குமரி மாவட்டம் சின்னது; அதற்குள் பத்துக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள். போன வருடம் படித்து முடித்தவரே இந்த வருடம் வாத்தியார். ஆய்வகத்தில் ரெக்கார்டு நோட்டு என்பது மூத்த மாணவரின் நோட்டைப் பார்த்து அழகான கையெழுத்தில் நகலெடுக்கும் கலை. கடைசி வருட புராஜெக்ட்டைக் கடையிலேயே வாங்கலாம். காசு கூடக் கொடுத்தால் விளக்கம் சொல்லவும் பழக்கிவிடுவார்கள். பத்து வரி சொந்தமாக எழுதத் தெரியாமல் முதல் வகுப்பில் தேறியவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள், நிறையவே இருக்கிறார்கள். நேர்காணல் எடுக்கும் பொறியாளனின் களைப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கல்லூரி விளம்பரப் பலகையில் யார் யாருடைய சின்னங்கள் இருக்கின்றன என்று பாருங்கள். உங்களோடுதான் புரிந்துணர்வு ஒப்பந்தம். உங்கள் பெயரைச் சொல்லித்தான் சீட்டு விற்கிறார்கள். பிப்ரவரியில் போய் மேடையில் பொன்னாடை வாங்கிக்கொண்டு, மார்ச்சில் இங்கே படிப்பவன் எதற்கும் லாயக்கில்லை என்று பேட்டி கொடுப்பது என்ன வகை யோக்கியம்?

அனுபவச் சான்றிதழ் கதையும் அப்படியே. ஐந்து வருட அனுபவம் இல்லாதவனை வாசலிலேயே நிறுத்தினீர்கள். முதல் வருட அனுபவத்தைத் தர யாரும் தயாரில்லை. சந்தை சும்மா இருக்குமா? அனுபவத்தை அச்சடித்து விற்க ஆரம்பித்தது. 2022 நவம்பரில் ஆக்சென்சர் இந்தியாவில் போலி ஆவணம் கொடுத்துச் சேர்ந்தவர்களைப் பிடித்து வெளியேற்றியது. போலி செய்தவனைத் தண்டியுங்கள், ஆட்சேபமில்லை. பத்தாயிரம் பேருக்குப் பொய்யைத் தவிர வேறு கதவே இல்லாதபடி சுவர் எழுப்பியவரையும் ஒரு தடவை கூப்பிட்டு விசாரியுங்கள்.

கற்றுக்கொடுத்தால் ஓடிவிடுவான் என்பார்கள். ஓடத்தான் செய்கிறார்கள். 2022 ஜூன் காலாண்டில் இன்ஃபோசிஸை விட்டுப் போனவர்கள் விகிதம் 28.4 சதவீதம். பக்கத்துக் கட்டடத்தில் இரண்டு மடங்கு கொடுத்தார்கள், போனார்கள். இதற்குப் பெயர் துரோகமாம். அதிக லாபம் எங்கேயோ அங்கே போவது கம்பெனிக்கு வியூகம், ஊழியனுக்குத் துரோகம். தடுக்க வழி ஒன்றுதான்: கூடக் கொடுப்பது. அதைத் தவிர மீதி எல்லா வழியையும் முயன்று பார்த்தார்கள். மூன்று மாத நோட்டீஸ், பாண்டு, போட்டியாளரிடம் போகாதே என்ற நிபந்தனை, சாயங்காலத்தில் வேறு வேலை பார்த்த 300 பேரை 2022-இல் விப்ரோ நீக்கியது எல்லாமே அந்தக் கணக்கில்தான். நடுவே இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்கச் சொன்னார். எல் அண்ட் டி-யின் சுப்ரமணியன் அதை 90 ஆக்கி, வீட்டில் எவ்வளவு நேரம்தான் மனைவி முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாய் என்று கேட்டார். நம் வீட்டுப் பெண்கள் அதற்குச் சொன்ன பதிலை அச்சில் போட முடியாது.

கற்றுக்கொடுத்தால் முடியும் என்பதற்குச் சாட்சியும் மலைக்கு அந்தப் பக்கமே இருக்கிறது. சோஹோ 2005 முதல் பன்னிரண்டாம் வகுப்பு, டிப்ளோமா முடித்த பிள்ளைகளை எடுத்து, கட்டணம் வாங்காமல் உதவித்தொகையும் கொடுத்து, மென்பொருள் எழுதப் பழக்குகிறது. 2011-இல் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் போட்டது. இப்போது கேரளத்தில் கொட்டாரக்கரைக்கும் வந்திருக்கிறது. அதன் நிறுவனர் சமூக ஊடகத்தில் சொல்வதையெல்லாம் நான் ஏற்பவன் இல்லை. பல நாள் படித்துவிட்டுப் பல்லைக் கடிப்பவன். ஆனால் பட்டம் இல்லாத கிராமத்துப் பிள்ளைக்குக் காசு கொடுத்துக் கற்றுத்தந்தால் உலகச் சந்தையில் விற்கும் மென்பொருளை அது எழுதும் என்று அங்கே தெரிந்துபோய்விட்டது. மற்றவர்களுக்கு இருபது வருடமாகியும் ஏன் தெரியவில்லை? தெரியும். செலவாகும்.

அந்தச் செலவையும் அரசாங்கத்தின் தலையில் கட்டியாயிற்று. 2024-இல் வந்த பிரதமர் பயிற்சித் திட்டத்தில், நாட்டின் 500 பெரிய கம்பெனிகளில் பயிற்சி பெறும் இளைஞருக்கு மாதம் 5,000 ரூபாய் என்று தொடங்கினார்கள். அதில் அரசு 4,500. கம்பெனி, அதுவும் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து, 500. மாதத்துக்கு ஐந்நூறு! அமரவிளையில் கலவை குழைக்கும் கையாளிடம் இந்த ஐந்நூறை நீட்டினால், ஒரு நாளைக்கே போதாதே என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

ஆகவே பெரியோர்களே, அடுத்த முறை கோவளத்துக் கடற்கரை ஓட்டலில் நீங்கள் மாநாடு கூட்டும்போது, திறமையான ஆள் கிடைப்பதில்லை என்ற அந்தப் பேச்சைத் தாராளமாகப் பேசுங்கள். ஒரே ஒரு உபகாரம் மட்டும் வேண்டும். எவ்வளவு சம்பளத்துக்குக் கிடைப்பதில்லை என்பதை அதே மூச்சில், அதே மைக்கில், முழு எண்ணாகச் சொல்லிவிட்டு உட்காருங்கள். பரீட்சைக்கு வருகிற நாளுக்கும் கூலி உண்டா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்புறமும் ஆள் வரவில்லையென்றால், உங்களோடு சேர்ந்து அழ நாங்களே பாறசாலையிலிருந்து டிக்கெட் எடுத்து வருகிறோம்.